துரோகி மோரக்கும் பத்மநாதன் அண்ணையும்

பத்மநாதன் அண்ணைக்குக் கதைப்புத்தகம் வாசிக்கிற பழக்கம் முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் வந்தது. அதுவும் ஆங்கிலத்தில். அதிலும், பள்ளிக்கூடத்துப் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கென்று எழுதிய மாயக்கதை.

ஊரில் அவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். எண்பத்தைந்தில் லண்டனுக்கு வந்து, ஈஸ்ட் ஹாமில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து எடுத்திருந்த வீட்டில் முன்னறையில் இருந்தார். மற்ற மூவரில் மூத்தவர் குருமூர்த்தி அண்ணை. ஒரு அலுவலகக் கட்டடத்தில் காவல் வேலை. அடுத்தது மன்னார் யாக்கோப்பு. ஒரு ரெஸ்டோரன்டில் சமையல். கடைசி நான், யோகராஜா.

பத்மநாதன் அண்ணைக்குப் பாண் பேக்கரியில் விடியற்காலை ஷிப்ட். மத்தியானம் வேலை முடிந்துவிடும். வீட்டில் ஹீட்டர் போட மனம் வராது. ஆகையால் நேரே நூலகத்துக்குப் போவார். அங்கே சூடாக இருக்கும். பேப்பர் பார்ப்பார், கண்ணயர்வார். ஒருநாள் பேப்பர் எல்லாம் மற்றவர்களின் கையில் இருந்தபடியால், பக்கத்துத் தட்டில் ஓர் ஆற்றின் படம் போட்ட அட்டையோடு கிடந்த ஒரு புத்தகத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார். எழுத்துப் பெரிது, வசனம் சின்னது. முதல் பக்கம் விளங்கிவிட்டது. இரண்டாம் பக்கமும் விளங்கியது. லண்டனுக்கு வந்தபின் ஆங்கிலத்தில் அவருக்கு முழுதாக விளங்கிய முதல் விஷயம் அதுதான் என்று பிறகு சொன்னார்.

நூலகத்துப் பெண் புத்தகத்துக்கு முத்திரை குத்தும்போது, "மகளுக்கா?" என்று கேட்டிருக்கிறாள்.

"இல்லை, எனக்கு" என்றாராம். காது சுட்டதாம்.

புத்தகத்தின் பெயரைத் தமிழில் 'நீர்க்குரல்' என்று சொல்லலாம். சமையல் முறை அவருடையதாக இருந்த ஒரு நாள், வெங்காயம் வெட்டிக்கொண்டே அந்தக் கதையை எங்களுக்குச் சொல்லத் தொடங்கினார். தாய் தகப்பன் இல்லாத இரண்டு பிள்ளைகள்: தாரின் என்ற பெண், அவளுடைய தம்பி ஹோலன். தாரினால் தண்ணீரோடு பேச முடியும். இருவரையும் வளர்த்தவன் மோரக் என்ற ஓடக்காரன். மறுகரையில் எதிரிகளின் நாடு. ஒருநாள் இந்த மோரக், ஆற்றைக் கடக்கிற இரகசியத் துறையை எதிரிகளுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டான். படை வந்தது. தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"பிறகு?" என்றான் யாக்கோப்பு.

"இன்னும் வாசிக்கேல்லை. நாளைக்குச் சொல்லுறன்."

அந்தக் குளிர்காலம் முழுவதும் இப்படியே போனது. அவர் வாசித்த அளவுக்குக் கதை வரும். யாக்கோப்பு தன் முறை இல்லாத நாளிலும் அடுப்படியில் வந்து நின்றான். குருமூர்த்தி அண்ணை மட்டும், "சின்னப்பிள்ளையளின்ர கதை" என்று ரீவி பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கதை தொடங்கினால் ரீவியின் சத்தம் மெல்லக் குறைந்துவிடும். கடைசியில் தாரின் ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்து, ஆற்றைப் பெருகச் செய்து, படையை அடித்து ஓட்டினாள். மோரக் இருட்டில் மறுகரைக்குத் தப்பிவிட்டான்.

"அவனைப் பிடிக்கேல்லையோ?" என்று ரீவி இருந்த ஹோலில் இருந்து குரல் வந்தது. குருமூர்த்தி அண்ணைதான்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் 'மோரக்' ஒரு வசைச்சொல். கடைசிப் பாலைக் குடித்துவிட்டு வெறும் போத்தலை வைத்தவன் மோரக். ஷிப்ட் மாறித் தருவதாகச் சொல்லிவிட்டு மாட்டேன் என்றவன் மோரக்.

எண்பத்தொன்பதில் இரண்டாம் புத்தகம் வந்திருப்பதாக நூலகத்துப் பெண் பத்மநாதன் அண்ணையிடம் சொன்னாள். பெயர் 'மறுகரை'. ஆனால் நூலகத்தில் இருந்தது ஒரே பிரதி, அதை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். அவர் வெறுங்கையோடு வந்தார். அடுத்த முறை போனபோது, எடுத்தவர் இன்னொரு தவணை கேட்டிருந்தார். அதற்கடுத்த முறையும் அப்படியே.

"ஆரோ மந்தமான பெடியன் போல" என்றார் அவர். "எழுத்துக்கூட்டி வாசிக்கிறான் எண்டு நினைக்கிறன்."

ஒருவழியாகப் புத்தகம் கையில் கிடைத்தது. வாசிக்கத் தொடங்கினார். கதை வரும் வரும் என்று நாங்கள் காத்திருந்தோம். அவர் வாய் திறக்கவில்லை. யாக்கோப்பு கேட்டபோது, "பொறு, முழுக்க முடிச்சிட்டுத்தான் சொல்லுவன்" என்றார். முகம் ஒரு மாதிரியாக இருந்தது, நல்ல சாப்பாடு சாப்பிட்டவனின் முகம் போல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் சொன்னார். இந்தப் புத்தகத்தில் தாரின் இப்போது தளபதி. எல்லோரும் அவளுக்குப் பயம். மோரக்கைத் தேடி ஆற்றைக் கடக்கிறாள். அவனுக்குச் சோறு போட்ட ஒரு கிராமத்தின் நெற்களஞ்சியத்தைக் கொளுத்துகிறாள். அந்தக் குளிர்காலத்தில் அங்கே சனம் பட்டினியால் சாகிறது.

"ஆர், தாரினோ?" என்றான் யாக்கோப்பு.

"ஓம், தாரின்தான். மோரக் அங்கை ஒரு பிள்ளையை வளர்க்கிறான். எதிரியின்ர பிள்ளை, தாய் தகப்பன் இல்லை. முந்தி அவன் துறையைக் காட்டிக் குடுத்ததுக்கும் ஒரு காரணம் இருக்கு. அவன்ர சொந்த மகளை அவங்கள் பிடிச்சு வைச்சிருந்தவங்கள்."

குருமூர்த்தி அண்ணை சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"அப்ப அவன் நல்லவன் எண்டு சொல்லுறியோ?"

"இல்லை அண்ணை. மகளைக் காப்பாத்தத்தான் செய்தவன். ஆனா அவங்கள் குடுத்த வெள்ளிக்காசையும் வாங்கினவன். அந்தக் காசிலை காலுக்கு நல்ல சப்பாத்து வேண்டிப் போட்டுக்கொண்டு திரிஞ்சவன். பொய்யும் சொல்லுவான், தேவையில்லாத இடத்திலையும் சொல்லுவான். ஆனா அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரேக்கை..."

"நீ கதையை மாத்திறாய்."

"நான் ஏன் மாத்தப் போறன்?"

"பிள்ளையளுக்கு எழுதிற புத்தகத்திலை இப்பிடி எழுதமாட்டாங்கள். துரோகிக்குக் காரணம் தேடுறது உன்ர வேலை. துரோகி துரோகிதான்."

எழுந்து போய்விட்டார். யாக்கோப்பு என்னைப் பார்த்தான். நான் சோற்றைப் பார்த்தேன்.

இதை ஒரு கதைச் சண்டை என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. அந்த வருடம் ஊரிலிருந்து வந்த செய்திகளில் 'துரோகி' என்ற சொல் இல்லாத நாள் குறைவு. ஆளுக்கொரு பக்கம் அந்தச் சொல்லை எறிந்துகொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் நாலு பேரும் நாலு விதமாக யோசித்தோம். அதனால்தான் அரசியலைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவருவதில்லை என்று பேசாமலே ஒரு ஒழுங்கு வைத்திருந்தோம். மோரக் பின்கதவால் உள்ளே வந்துவிட்டான்.

அடுத்த நாள் பத்மநாதன் அண்ணை குருமூர்த்தி அண்ணையின் கதவைத் தட்டி, புத்தகத்தைக் கையில் கொடுத்தார். "நான் மாத்திறனோ எண்டு நீங்களே பாருங்கோ." அவ்வளவுதான்.

குருமூர்த்தி அண்ணை மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். கடையில் போய் ஒரு அகராதியும் வாங்கி வந்தார். வேலைக்குப் போகும்போது இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு போவார். காவலாளியின் மேசையில் இருந்தபடி ஒரு மனிதர் நாள் முழுக்க அகராதி புரட்டுவதைப் பார்த்து அந்தக் கட்டடத்து ஆட்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. தவணை முடிந்தது. அவர் இன்னும் பாதியில்தான் இருந்தார். பத்மநாதன் அண்ணை நூலகத்துக்குப் போய்த் தவணை நீட்டினார். திரும்பவும் முடிந்தது. அப்போது நூலகத்துப் பெண் தலையை ஆட்டினாள். வேறொருவர் அந்தப் புத்தகத்தைக் கேட்டிருக்கிறார், இனி நீட்ட முடியாது என்றாள்.

"இவர்தான் கேட்டார்" என்று கையையும் காட்டினாள்.

நீலக் கோட்டுப் போட்ட ஒரு தமிழ்ப் பெண் பக்கத்தில் நின்றாள். பெயர் கலாவதி. ஃபாரஸ்ட் கேட்டில் தமக்கை வீட்டில் இருந்துகொண்டு, வயோதிபர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்தாள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரம் அவளுக்குக் கோபம்.

"நீங்களே அந்தப் புத்தகத்தை இவ்வளவு நாளா வைச்சிருக்கிறது?"

"நான் வாசிச்சு முடிச்சிட்டன். எங்கட வீட்டிலை இன்னொரு ஆள்..."

"எத்தினை வயசுப் பிள்ளை?"

"ஐம்பது இருக்கும்" என்றார் பத்மநாதன் அண்ணை.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முந்தி எடுத்து வாசிச்சதும் நான்தான்" என்றாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முதலில் புத்தகத்தை எடுத்துத் திரும்பத் திரும்பத் தவணை கேட்ட 'மந்தமான பெடியன்' இவள்தான். ஏன் அவ்வளவு நாள் என்று கேட்டார். முடித்தவுடன் திரும்ப முதலில் இருந்து வாசித்ததாகச் சொன்னாள். இப்போது மூன்றாம் முறை வாசிக்கக் கேட்டிருந்தாள்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் ஒன்றாக நடந்தார்கள். பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் போனது. அவர் மோரக்கைப் பற்றிப் பேசினார். அவள் தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"மோரக் சரி. ஆனா எனக்குப் பிடிச்சது ஹோலனைத்தான்."

பத்மநாதன் அண்ணைக்கு அது ஆச்சரியம். பிடிபட்டுப் போன தம்பி ஹோலன், இரண்டாம் புத்தகத்தில் எதிரிகளின் நகரத்தில் வளர்ந்திருக்கிறான். அக்கா மீட்க வரும்போது ஒளிந்துகொள்கிறான். அவர் அவனை ஒரு கோழை என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தார்.

"கோழை இல்லை" என்றாள் கலாவதி. "அவனுக்கு அந்த நகரம் பிடிச்சுப் போச்சு. அந்த ஆக்களின்ர பாட்டுப் பிடிச்சுப் போச்சு. அக்கா இவ்வளவு கஷ்டப்பட்டு வந்து நிக்கேக்கை, நான் வரேல்லை, எனக்கு இஞ்சை சந்தோஷம் எண்டு எப்பிடிச் சொல்லுறது? அவனுக்கு வெக்கம்." கோட்டின் பொத்தானைப் பூட்டினாள். "எனக்கும் இந்த ஊர் பிடிச்சிருக்கு. எங்கட ஆக்களிட்டை அதைச் சொல்லேலாது. சொன்னால், அங்கை சனம் சாகுது, உனக்கு இஞ்சை சந்தோஷமோ எண்டு கேப்பினம்."

பத்மநாதன் அண்ணை வீட்டுக்கு வந்து என்னிடம் மட்டும் இதைச் சொன்னார். "யோகு, நான் அந்தப் பகுதியை ஒழுங்கா வாசிக்கேல்லை" என்றார்.

புத்தகத்தைக் குருமூர்த்தி அண்ணையிடமிருந்து பிடுங்க ஒருவருக்கும் துணிவில்லை. கலாவதி இன்னும் ஒரு கிழமை பொறுப்பதாகச் சொன்னாள். அவர் முடித்ததும் அவளை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அழைத்தோம். யாக்கோப்பு மீன்குழம்பு வைத்தான். முன்பின் தெரியாத நாலு ஆண்களின் வீட்டுக்குத் தனியே வர அவள் யோசித்திருப்பாள். தமக்கையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். தமக்கை முழு நேரமும் எங்கள் திரைச்சீலையின் அழுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குருமூர்த்தி அண்ணை ஷேர்ட் மாற்றி வந்து உட்கார்ந்தார். புத்தகத்தை மேசையில் வைத்தார்.

"பத்மநாதன் மாத்தேல்லை" என்றார். "அவன் சொன்னதெல்லாம் அதிலை இருக்கு."

"அப்ப மோரக்கை மன்னிச்சிட்டியளோ?" என்று கேட்டாள் கலாவதி.

"இல்லைப் பிள்ளை. அவனை நான் மன்னிக்கமாட்டன். அந்தச் சப்பாத்தை என்னாலை மறக்கேலாது. ஆனா தாரின் செய்தது அதைவிடப் பிழை. நெல்லிலை நெருப்பு வைக்கலாமோ? அவளை நான் என்ர பிள்ளை மாதிரி நினைச்சிருந்தன்." தண்ணீர் குடித்தார். "இதை எழுதின மனிசிக்கு எங்களைப் போல ஆக்களைத் தெரியுமோ எண்டு யோசிச்சன்."

அன்று பின்னேரம் வரைக்கும் பேச்சு ஓயவில்லை. யாக்கோப்பு தாரினுக்காக வாதாடினான். சின்னப் பெண், சொல்லித் திருத்த ஒரு பெரியவர் இல்லை என்றான். கலாவதி விடவில்லை. ஊர்ப் பெயரோ இயக்கப் பெயரோ ஒன்றும் வரவில்லை. ஆனால் வருடக்கணக்காக நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் வைத்திருந்ததில் பாதியை அன்று பேசிவிட்டோம் என்றுதான் நினைக்கிறேன். போகும்போது கலாவதியின் தமக்கை, "அந்தப் பெடியனுக்கு என்ன நடந்தது, அக்காவோடை போனவனோ?" என்று கேட்டார்.

தொண்ணூற்றொன்றில் பத்மநாதன் அண்ணைக்கும் கலாவதிக்கும் கலியாணம். கலியாணப் பதிவில் சாட்சிக் கையெழுத்துப் போட்டது குருமூர்த்தி அண்ணை. ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு துணிக்கடைக்கு மேலிருந்த பிளாட்டுக்குப் போனார்கள். அடுத்த வருடம் பெண் பிள்ளை. தாரிணி என்று பெயர் வைத்தார்கள். "களஞ்சியத்தைக் கொளுத்தினவளின்ர பேரோ?" என்று குருமூர்த்தி அண்ணை ஆஸ்பத்திரியிலேயே சத்தம் போட்டார். பிறகு அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் ரொபி மிட்டாய் வாங்கிக்கொண்டு போனதும் அவர்தான்.

எனக்கு விமான நிலையத்தில் வேலை கிடைத்து ஹவுன்ஸ்லோவுக்கு மாறினேன். மாதத்தில் ஒரு தரமாவது லண்டனின் மேற்கு முனையில் இருந்து கிழக்கு முனைக்கு ரயிலேறி அவர்களைப் பார்க்கப் போவேன். பத்மநாதன் அண்ணை பேக்கரியில் ஷிப்ட் பொறுப்பாளராகிவிட்டார். கலாவதி தாதிப் படிப்புப் படித்து முடித்தாள். வீட்டில் எப்போதும் ஏதாவது ஒரு தடித்த புத்தகம் சோபாவில் கவிழ்ந்து கிடக்கும். அதை யார் முதலில் முடிப்பது என்று இருவருக்கும் இழுபறி நடக்கும்.

தொண்ணூற்றாறில் மூன்றாம் புத்தகம் வந்தது. நூலகத்துக்குக் காத்திராமல் கடையிலேயே வாங்கினார்கள். நான் போனபோது பத்மநாதன் அண்ணை முடித்திருந்தார். முகம் சப்பென்று இருந்தது.

"என்ன அண்ணை, நல்லாயில்லையோ?"

"கதை நல்லாத்தான் போகுது. ஆனா எழுதின மனிசி எல்லாரையும் நல்லாக்களாக்கிப் போட்டா. மோரக் கடைசியிலை தாரினைக் காப்பாத்திப்போட்டுச் சாகிறான். தாரின் அந்தக் கிராமத்துக்குப் போய் அழுகிறா, சனம் உடனை மன்னிச்சிடுது. ஹோலன் மூட்டை முடிச்சோடை வீட்டுக்கு வாறான்."

"ஹோலன் வந்திருக்கக் கூடாது" என்றாள் கலாவதி அடுப்படியில் இருந்து. "அவன் அங்கை கலியாணம் கட்டி இருந்திருக்க வேணும்."

"உனக்கு எல்லாரும் ஃபாரஸ்ட் கேட்டிலை இருக்க வேணும்."

"ஏன், இதிலை என்ன குறை?"

அவர் யோசித்துப் பார்ப்பது போலப் பாவனை செய்தார். "குறையொண்டும் இல்லை" என்றார். தாரிணி அவருடைய முழங்காலில் ஏறி, தனக்கொரு கதை வாசிக்கச் சொன்னாள். அவர் மூன்றாம் புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டு, முயல் படம் போட்ட அவளுடைய புத்தகத்தை எடுத்துத் தன் பாண் பேக்கரி ஆங்கிலத்தில் உரக்க வாசிக்கத் தொடங்கினார். முயல் களவெடுத்த இடத்தில் பிள்ளை, முயல் கெட்டதா என்று கேட்டாள். "பொறு, முழுக்க வாசிப்பம்" என்றார் அவர்.