சமையலறையில் கேட்ட சர்வீஸ்

படுக்கையறைத் தொலைக்காட்சியிலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த ரௌஷான் தலையைத் தூக்காமலே சொன்னாள்: “வலையில போய் விழுந்துது.” அடுத்த கணம் மெல்போர்ன் டென்னிஸ் அரங்கின் கூட்டம் உச்சுக்கொட்டியது.

கஜகஸ்தானின் அல்மாட்டி நகரத்தில் டென்னிஸ் மேல் பந்தயம் கட்டுகிறவர்கள் படிக்கும் இணைய இதழ் ஒன்றில், பெரிய ஆடவர் போட்டிகளுக்கெல்லாம் பதினோரு வருடமாக முன்னோட்டம் எழுதுகிறவள் அவள். வயது ஐம்பத்தேழு. தொலைக்காட்சியை ஓர் அறையில் அலறவிட்டு இன்னோர் அறையில் வேலை பார்ப்பாள். “மூஞ்சியப் பார்த்தா பாவமா இருக்கும். கணிப்பு கெட்டுடும்” என்பாள். மட்டையில் பந்து படும் ஓசை, தளத்தில் காலணி கிறீச்சிடுவது, நடுநடுவே ஆட்டக்காரன் இழுத்துவிடும் மூச்சு. இவற்றைக் கேட்டு, நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கம் குறித்துக்கொள்வாள். தான் ஒரு டெங்கே காசுகூடக் கட்டியதில்லை. “கட்டினா என் காதுக்கு ஆசை வந்துடும்.”

பந்தயத்தில் தோற்றவர்கள் அவளைத் திட்டி எழுதுவார்கள். ‘கிழவி, உன்னால பனிக்கால டயர் வாங்க வெச்சிருந்த காசு போச்சு’ என்று ஒருவன் எழுதினான். ‘நடந்து போ, உடம்புக்கு நல்லது’ என்று பதில் போட்டாள்.

அன்று மதியத்துக்குள் மெல்போர்ன் முன்னோட்டம் இதழுக்குப் போயாக வேண்டும். காலை ஒன்பது மணிக்கே அழைப்பு மணி அடித்தது. தோளில் பனியோடு டாக்ஸிக்காரன் கயிர்பெக் நின்றான். அவன் மகன் தெமிர்லான் முந்தின நாள்தான் தகுதிச் சுற்றில் ஜெயித்து மெல்போர்ன் பெரும்போட்டிக்குள் நுழைந்திருந்தான். ஊர் முழுக்க அதே பேச்சு. எட்டு வயதிலிருந்து பதினாறு வரை அவனுக்கு சர்வீஸ் பழக்கியவள் ரௌஷான்.

தேநீரை ஒரு வாய்கூடக் குடிக்காமல் கயிர்பெக் கேட்டான்: “அக்கா, நம்ம பையனைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க?”

“எவன் எதிர்ல வந்தாலும் முதல் சுத்துலயே தோத்துடுவான். தோள்ல வலி. யாரும் அவன் மேல கட்ட வேணாம்.”

கயிர்பெக் கோப்பையை ‘டக்’கென்று வைத்தான். “தோள் விஷயம் எனக்கும் அவனுக்கும் மட்டும்தானே தெரியும்! யார் சொன்னா?”

“பந்து சொல்லுச்சு. நேத்து கடைசி செட்ல அவன் சர்வீஸ் ஈரத்துணிய உதறுற மாதிரி கேட்டுச்சு. நான் பழக்கின கை தம்பி அது.”

“அந்த ஒரு வரிய எடுத்துடுங்க அக்கா. அவனுக்குப் பணம் கொடுக்குற சுரங்கக் கம்பெனிக்காரன் படிச்சா பையனோட பயணச் செலவ நிறுத்திடுவான். ஒப்பந்தத்துல அவங்க போட்ட அந்த ஒரு கையெழுத்துக்காக ஒன்பது வருஷம் டாக்ஸி ஓட்டியிருக்கேன்.”

“நம்ம ஊர்ப் பையன்னு சொல்லி ஊரே அவன் மேலதான் கட்டப்போகுது. தெரிஞ்சும் நான் வாய மூடிக்கிட்டா?”

“ஊர் உங்களுக்கு யாரு? அவன் உங்க புள்ள இல்லையா?”

ரௌஷான் எழுந்து போய்த் தொலைக்காட்சியை அணைத்தாள். ஆட்டத்தின் நடுவே அவள் அணைத்து யாரும் பார்த்ததில்லை. திரும்பி வந்து, முன்னோட்டம் எழுதி வைத்திருந்த நாட்காட்டித் தாளை எடுத்தாள். பேனா தோள் வரியின் மேல் நின்றது. கயிர்பெக் எட்டிப் பார்த்தான். பேனா மெல்லக் கீழே இறங்கி, இன்னொரு வரி எழுதியது. அதை உரக்கப் படித்தாள்: “ஆறு வாரம் ஓய்வு கொடுங்கள். அதன்பிறகு இவன்மேல் பயமில்லாமல் கட்டலாம்.”

“தோள்?”

“அந்த வரி அப்படியே இருக்கும். இவ்வளவுதான் தம்பி என்னால முடியும்.”

கயிர்பெக் எழுந்தான். குல்லாவை மாட்டினான். காலணிக் கயிற்றைக் கட்ட அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.

என்ன கோபமானாலும் ஒரு விள்ளல் ரொட்டியாவது வாயில் போடாமல் அந்த ஊரில் யாரும் யார் வீட்டு வாசலையும் தாண்டுவதில்லை. ரௌஷான் தட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். “வாயில போட்டுட்டுப் போப்பா.”

அவன் ஒரு விள்ளல் பிய்த்தான். உதடுவரை கொண்டுபோனான். பிறகு அதை வாயில் போடாமல், தூக்கியும் எறியாமல் கோட்டுப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியேறினான். கதவு சாத்திக்கொண்டது.