மு. ராமசாமி, வயது எழுபத்தொன்றும் இருபத்து மூன்றும்

ராஜபாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் பதினோரு வருடமாக நான்தான் கம்ப்யூட்டர் ஆள். கம்ப்யூட்டரில் நோயாளிகளின் விவரம் ஒரு டேபிளில், அதாவது அட்டவணையில், ரிசல்ட் இன்னொரு டேபிளில் இருக்கும். எது யாருடையது என்று சீட்டைப் பார்த்து, ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தவர் கவுண்டரில் இருந்த முத்துலட்சுமி அக்கா. சந்தேகம் வந்தால் வீட்டுக்கே போன் போட்டுக் கேட்பார்.

"அம்புட்டையும் கையால தேடுனா எப்பய்யா ரிப்போர்ட் குடுக்கிறது? தானாச் சேர்ற மாதிரி பண்ணும்" என்றார் முதலாளி.

பண்ணினேன். பெயர், இன்ஷியல், போன் நம்பர் மூன்றும் பொருந்தினால் இரண்டு டேபிளும் இணைந்துகொள்ளும். காலரைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் காட்டினேன்.

"பேரனுக்குத் தாத்தா பேரு வைக்கிற ஊரு தம்பி இது. வீடு பூராவுக்கும் ஒரே நம்பரத்தான் குடுப்பாக. செத்த யோசிங்க."

"வேலை போயிரும்னு பயமாக்கா?" என்று சிரித்தேன். அடுத்த மாதம் அவரை ஸ்ரீவில்லிபுத்தூர் கிளைக்கு மாற்றிவிட்டார்கள்.

சேத்தூர் விவசாயி ராமசாமியின் அப்பா பெயர் முத்தையா. அதையே மகனுக்கு வைத்தார். மகன் தன் பிள்ளைக்கு ராமசாமி என்று வைத்தார். ஆக, தாத்தாவுக்கும் பேரனுக்கும் பெயர், இன்ஷியல், வீட்டு போன் நம்பர் எல்லாம் ஒன்று. போலீஸ் தேர்வுக்காகப் பேரன் ரத்தம் கொடுக்க வந்த அன்று, கால் வீங்கிப்போன தாத்தாவும் கூடவே வந்து கொடுத்திருக்கிறார். முதலில் வந்த பேரனின் ரிசல்ட்டையே இருவருக்கும் ஒட்டிவிட்டது என் இணைப்பு. இருவருக்கும் எல்லாம் நார்மல்.

மூன்று மாதம் கழித்து மகன் முத்தையா வந்து நின்றார். "மதுரைல ரெண்டு கிட்னியும் போச்சுன்னுட்டாக. நீங்க குடுத்த பேப்பர நம்பி அப்பாவ வீட்லயே வச்சிருந்தோம்."

கம்ப்யூட்டரில் ரிசல்ட் டேபிளைத் திறந்தேன். பெரியவரின் ரிசல்ட் யாரோடும் சேராமல் கிடந்தது. மவுஸ் கை தவறி விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் மேஜைக்கு அடியிலேயே ஒளிந்துகொண்டேன். நாற்பத்தெட்டு வயசுத் தொப்பைக்கு அங்கே இடம் போதவில்லை. பாதி ஆள் வெளியே தெரிந்தேன்.

முதலாளி குனிந்து காதோடு சொன்னார்: "வெளிய வாரும். பழைய ரிப்போர்ட்ட அழிச்சிட்டு, சிஸ்டம் கோளாறுன்னு சொல்லும்."

அழிக்கவில்லை. வீரமெல்லாம் இல்லை, கை ஓடவில்லை. ஆனால் சொல்லச் சொன்னதைச் சொன்னேன்.

"மெஷினு செஞ்சதுக்கு ஒங்கள என்ன சொல்ல" என்று என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார் முத்தையா.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு: ஒவ்வொரு சாம்பிளுக்கும் தனி நம்பர் கொடுத்து, அதை வைத்து மட்டும் இணையுங்கள். சேராமல் மிஞ்சுகிற ரிசல்ட்டைத் தினமும் ஒரு மனிதர் பார்க்கட்டும். இதை நான் கற்றுக்கொள்ள வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் தேவைப்பட்டது, இன்னொருவர் உடம்பில்.