அரை நாள் ஆண்ட அதிபர்

கியூபாவில், சாந்தா கிளாரா பக்கத்துச் சுருட்டுப் பட்டறை ஒன்றில் லெயோன்சியோ பார்செலோ வாசகராக இருந்தார். தொழிலாளிகள் சுருட்டு உருட்ட, அவர் மேடையில் உட்கார்ந்து காலையில் செய்தித்தாளும் சாப்பாட்டுக்குப் பிறகு நாவலும் உரக்க வாசிப்பார். அவருக்குக் கூலி கொடுப்பது முதலாளி அல்ல, தொழிலாளிகள். பிடித்தால் இலை நறுக்கும் கத்தியால் பலகையைத் தட்டுவார்கள். பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போடுவார்கள். லெயோன்சியோவுக்கு இரண்டும் வாய்த்ததில்லை.

காரணம் அவருக்கே தெரியும். இரண்டு பத்திரிகைகள் ஒத்துச் சொல்லாத எதையும் வாசிக்க மாட்டார். இரண்டாவது பத்திரிகை ரயிலில் வந்து சேர்வதற்குள் செய்திக்கு நரை விழுந்துவிடும்.

"பிள்ளை பொறந்த சேதி ஐயா வாய்க்கு வர்றதுக்குள்ள கல்யாணச் சேதி ஆயிடுது," என்பான் முன்வரிசைச் செஃபெரினோ.

1948 நவம்பர் பிறந்தது. மாதக் கடைசியில் வாசகர் பதவிக்கு வாக்கெடுப்பு. எதிரே நின்றவன் வெண்கலக் குரல்காரன் உபால்தோ. தோற்றால் லெயோன்சியோவுக்கு வேறு பிழைப்பு இல்லை. தான் சுருட்டு உருட்டினால் அதைக் கத்தரிக்காய் என்று சமையலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அமெரிக்கத் தேர்தல் முடிந்த மறுநாள் காலை, ஒரே ஒரு பத்திரிகைதான் வந்திருந்தது. எதிர்க்கட்சி வேட்பாளர் டூயி ஜெயித்தார் என்றது. லெயோன்சியோ தன் இரண்டு பத்திரிகை விதியைத் தூக்கி எறிந்துவிட்டு வாசித்தார். அது போதாதென்று, புது அதிபர் வந்தால் நம் சர்க்கரை விலை என்ன ஆகும் என்றும் விளக்கினார். பட்டறை முழுக்கக் கத்திகள் தட்டின. அன்று மேடையிலிருந்து இறங்கியபோது, அந்தத் தேர்தலில் தானே ஜெயித்தது போல நடந்தார்.

மதியம் காப்பிக்கடை வானொலி, ஜெயித்தவர் ஏற்கெனவே அதிபராக இருக்கும் ட்ரூமன் என்றது. தோற்றவரே ஒப்புக்கொண்டாராம். லெயோன்சியோ கறுப்பு மொச்சைச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

பிற்பகலில் நாவல் மட்டும்தான் என்பது பட்டறை வழக்கம். நினைத்தால் அவர் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். வாசலில் உபால்தோ பல் குத்திக்கொண்டு நின்றான். லெயோன்சியோ புத்தகத்தைத் திறந்து, மூடினார்.

"தோழர்களே, காலையில நான் ஒருத்தரை அதிபராக்கினேன். அமெரிக்காக்காரங்க வேற ஆளுக்கு ஓட்டுப் போட்டுட்டாங்க. இதுல அவங்க பேச்சைக் கேக்கறதுதான் நல்லதுன்னு படுது. சர்க்கரை விலை பத்திப் பேசுனது பத்திரிகையில இல்ல, என் சொந்தச் சரக்கு. அதையும் திருப்பி எடுத்துக்கறேன்."

ஒரு கத்தி தரையில் விழுந்தது. லெயோன்சியோ கண்ணை மூடிக்கொண்டார்.

"பதறாதீங்க ஐயா, கை நழுவிடுச்சு," என்றாள் இலை நரம்பு உரிக்கும் தொமித்திலா.

"பாவம் அந்த மனுஷன்," என்றான் செஃபெரினோ. "உலகத்துலயே நம்ம பட்டறையில மட்டுந்தான் அதிபரா இருந்தாரு. சாப்பிட்டு வர்றதுக்குள்ள இறக்கிட்டீங்களே."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அடுத்த வாரங்களில், தோக்கியோவில் ஜப்பானியப் போர்த் தலைவர்களுக்குத் தூக்கு விதித்த செய்தி வந்தது. இங்கிலாந்தில் இளவரசர் பிறந்தார். "தீர விசாரிச்சீங்களா, பொண்ணா இருக்கப் போவுது," என்றான் செஃபெரினோ. வெனிசுவேலாவில் ராணுவம் அதிபரைக் கவிழ்த்த செய்தியை வாசித்தபோது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. இதுவும் தப்பாக இருக்குமோ, சிரித்துத் தள்ளிவிடலாமோ என்று சிலர் அவர் முகத்தைப் பார்த்தார்கள். இல்லை, இது உண்மை என்பதுபோல் அவர் தலையை ஆட்டினார்.

வாக்கெடுப்பில் கைகள் பாதிப் பாதியாக நின்றன. தொமித்திலா எழுந்தாள்.

"காலையில ஐயா வாசிக்கட்டும். தப்புன்னா மேடை ஏறி வந்து சொல்ற வாய் அது. நாவல் மட்டும் அந்தப் பையனுக்கு. ஐயா வாசிச்சா காதலி சாவும் கப்பல் வந்த கணக்கும் ஒரே மாதிரி இருக்கு."

தீர்ப்பு அப்படியே நின்றது. பாதி வேலை, பாதிக் கூலி. மறுநாள் பிற்பகல் வீட்டுக்குப் போகாமல் ஓர் இலை மூட்டைமேல் உட்கார்ந்தார் லெயோன்சியோ. எதிராளியின் பிழைகளைக் குறித்துக்கொள்ளத்தான். மாலையில் உபால்தோ இறங்கி வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"தம்பி, நாளைக்கு அவ பிழைச்சுக்குவாளா?"

அதே நாவலை அதே மேடையில் அவர் இரண்டு முறை வாசித்திருந்தார்.