வாத்துக்கு அங்க வேற பேர்

முரசுமோட்டை வெயிலில வாத்து உடுப்புக்குள்ள நிண்டனான். இத்தாலியில இருந்து லீவுக்கு வந்த அக்கான்ர மகளுக்குப் பிறந்தநாள். கேக் வெட்ட முந்தி கார்ட்டூன் வாத்து வந்து கைகுடுக்கவேணும் எண்டு அக்கா கிளிநொச்சியில உடுப்பு வாடகைக்கு எடுத்திட்டா. வீட்டில வேலைவெட்டி இல்லாத ஆம்பிளை நான்தான். உள்ளுக்க எனக்கு முதல் போட்டவன்ர வேர்வை மணக்குது. முதுகில இழுத்துப் பூட்டிற சிப் இடையில இறுகி, கழட்டவும் ஏலாது.

மருமகளுக்கு ஐஞ்சு வயசு. வந்த அண்டைக்கே முள்ளுக்கரண்டியால புட்டைக் குத்தினவள். "புட்டு ஓடாது பிள்ளை, ஏன் குத்திறாய்?" எண்டன். அதோட என்னோட கதையில்லை. இன்னும் ரெண்டு நாளில பிளேன். அதுக்கிடையில ஒருக்காலாவது என்ர கையைப் பிடிக்கட்டும் எண்டுதான் இந்த அவிச்சலுக்கு ஓம்பட்டனான்.

பந்தலுக்க போய், நாங்கள் ரீவியில கேட்டு வளந்த பேரைச் சொல்லி, "நான் வந்திட்டன்!" எண்டன். அவள் தாய்க்குப் பின்னால ஒளிச்சாள்.

"இது அவர் இல்லை!"

"என்னக்கா, வாத்தும் பிழையே?"

"அங்க உந்தப் பேர் இல்லையடா. வாத்துக்குஞ்சு எண்ட கருத்தில வேற பேர். கார்ட்டூன் எலிக்கும் குட்டி எலி எண்டுதான் பேர். அந்த நெட்டை நாய்க்கு மட்டும் மனுசரின்ர செல்லப்பேர்."

"அப்ப நாயைத்தான் மதிச்சிருக்கிறாங்கள்."

அக்கா சொல்லித் தந்த பேரைக் கத்தினன். மருமகள் எட்டிப் பாத்தாள். "முகமூடி எங்க?"

அங்கத்தைய புத்தகங்களில உந்தச் சோம்பேறி வாத்து ரகசியமா முகமூடியும் போர்வையும் போட்டுக் கள்ளரைப் பிடிக்குமாம். அம்மா ஓடிப்போய், நான் ஐயப்பனுக்கு மாலை போடேக்க கட்டின கறுப்பு வேட்டியைக் கொண்டுவந்தா.

"சாமி, இவனை உண்மையா வாத்தெண்டே நினைச்சுக்கொள்ளும்" எண்டு தோளில போத்தி, கறுப்புத் துண்டால கண் ஓட்டையையும் சேத்து இறுக்கிக் கட்டினா. இப்ப கண்ணும் தெரியேல்லை, காத்தும் இல்லை.

அந்த இருட்டுக்குள்ள ஒரு சின்னக் கை என்ர வாத்துச் சிறகுச் செட்டையைப் பிடிச்சுது.

"மாமா கூடாதவர்" எண்டு மெல்லமாச் சொன்னாள். "அவரைப் பிடிச்சு அடைச்சு வையுங்கோ."

"அடைச்சாச்சு" எண்டன். பொய்யில்லை.

அத்தான் குறடோட வந்து சிப்பில கை வைச்சார். "டேய், அவிஞ்சு சாகப்போறாய், வெளியில வா."

வெளியில வந்தால் வாத்து போயிடும், மாமாதான் மிஞ்சுவன். செட்டையால அவரைத் தள்ளிவிட்டன்.

கேக் வெட்டிக் கை தட்டினது கேட்டுது. பிறகு அவள் பக்கத்தில வந்து, "உள்ள இருக்கிற மாமாவுக்குக் கேக் குடுக்கலாமோ?" எண்டாள்.

"குடுங்கோ. பாவம், பசியாக் கிடக்கிறார்."

அலகு ஓட்டைக்குள்ளால கேக் வந்துது, முள்ளுக்கரண்டியில குத்தினபடி. கேக்கும் ஓடாது பிள்ளை எண்டு சொல்ல வாய் உன்னிச்சுது. வாயைத் திறந்து வாங்கினன்.