சதுரங்கப்பட்டினத்துக்கு வந்த அழைப்புகள்

செங்கல்பட்டு நீதிமன்றத்தில் சைபர் குற்ற வழக்குகளை நடத்தும் அரசு வழக்கறிஞர் ஃபைஸா. சொந்த ஊர் கோவளம். சட்டம் படித்து முடித்துச் சில வருடம் நிலத்தகராறு வழக்குகளில் உழன்றார். அரசுப் பணிக்கு வந்ததும், கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட கோப்புகளை மற்றவர்கள் தொடத் தயங்கியதால் அவையெல்லாம் இவர் மேசைக்கு வந்து சேர்ந்தன. போலி லிங்க், திருட்டு போட்டோ, ஆள்மாறாட்டம். பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் குற்றவாளியின் முகத்தைப் பார்த்தே இருக்கமாட்டார்கள். முகமில்லாத அந்த ஆட்கள் அவருக்குப் பழகிப்போயிருந்தார்கள். சின்னராசுவின் வழக்குதான் அந்தப் பழக்கத்தைக் குலைத்தது.

சின்னராசு சதுரங்கப்பட்டினத்து மீனவர். கூட்டாளி நரசிம்மனோடு ஃபைபர் படகில் கடலுக்குப் போனார். நரசிம்மன் மட்டும் திரும்பி வந்தார். இன்ஜின் விசிறியில் வலை சிக்கிக்கொண்டதென்றும், எடுக்க இறங்கியவர் மேலே வரவில்லையென்றும் சொன்னார். உடல் எங்கும் கரையொதுங்கவில்லை. அதற்கு முந்தின நாள்தான் இருவருக்கும் கைகலப்பு நடந்திருந்தது. மனைவி தேசம்மா நரசிம்மன் மீது போலீஸில் புகார் கொடுத்தார்.

சில வாரம் கழித்து, மீன் விற்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த தேசம்மாவுக்குப் போன் வந்தது.

"தேசம்மா, நான்தான். நல்லாத்தான் கீறேன். இப்ப வர முடியாது. நரசிம்மன் மேல குட்த்த கேஸ வாபஸ் வாங்கிடு. புல்லைங்கள பாத்துக்கோ."

புருஷனின் குரல். 'புள்ளைங்கள' என்று வரவேண்டிய இடத்தில் மட்டும் 'புல்லைங்கள' என்று புல்லைச் சொல்வதுபோல வந்தது. வாயில் அடிபட்டிருக்கும், நாக்கு வீங்கியிருக்கும் என்று தேசம்மா நினைத்துக்கொண்டார். அழைப்புகள் தொடர்ந்தன. திருப்பிக் கூப்பிட்டால் போகாது. கடைசியில் அவர் காவல் நிலையத்துக்குப் போய், புருஷன் உயிரோடு இருக்கிறார், புகார் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்.

சைபர் பிரிவு இன்ஸ்பெக்டர் ராகவன் அதை நம்பவில்லை. அழைப்புகள் இன்டர்நெட் வழியாக வந்தவை. நரசிம்மனின் போனைப் பறிமுதல் செய்து பார்த்ததில், எழுதிப் போட்டதை ஒருவர் குரலிலேயே பேசிக் காட்டும் செயலி ஒன்று இருந்தது. மீனவர்களின் வாட்ஸ்அப் குழுவில் காற்று, அலை பற்றிச் சின்னராசு அனுப்பிய பேச்சுகளையே அதற்குத் தீனியாகப் போட்டிருந்தார். அழித்த வரிகளை மீட்டெடுத்தபோது அவற்றில் 'புல்லைங்கள' என்ற எழுத்துப்பிழையும் இருந்தது. இயந்திரம் அதை அப்படியே வாசித்திருந்தது. நரசிம்மனைக் கைது செய்தார்கள்.

பிறகு தேசம்மாவின் போனையும் வாங்கி, அதில் தானாகப் பதிவாகியிருந்த அழைப்பை ராகவன் ஃபைஸாவின் அறையில் போட்டுக் காட்டினார். இயந்திரக் குரலை எதிர்பார்த்திருந்தவருக்கு உப்புக்காற்றில் கரகரத்த ஓர் ஆளின் தொண்டை கேட்டது. ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் அது மூச்சை இழுத்தது.

"மூச்சு வாங்குதே ராகவன்."

"அதுவும் அது செஞ்சதுதான் மேடம்."

ஃபைஸா எழுந்து போய் ஜன்னலைத் திறந்து வைத்தார்.

விசாரணை தொடங்கியதும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ராமானுஜம் வேறொரு வழியில் வந்தார். செயலியை வைத்து நரசிம்மன் விளையாடிப் பார்த்தது உண்மைதான், ஆனால் அழைப்புகள் அவர் போனிலிருந்து போனதற்கு ஆதாரமில்லை, தேசம்மாவைக் கூப்பிட்டது சின்னராசுவேதான் என்றார். கடனுக்குப் பயந்து எங்கோ போய்விட்டார், செத்தார் என்பதற்கு உடல் எங்கே என்று கேட்டார். இனி தேசம்மாவே கூண்டில் ஏறி, பேசியது தன் புருஷன் இல்லை என்று சொன்னால்தான் வழக்கு நிற்கும்.

அந்த வாரத்தில் ஒரு பகல் நேரம். ஃபைஸாவின் அம்மா அமீனா பீவி கோவளம் கடற்கரையில் வெயிலில் தனியாக நிற்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு மோசஸ் அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தார். செய்தி கேட்டு ஃபைஸா அன்று மாலையே ஓடினார்.

"நீதான போன் பண்ண? பீச்சுல நிக்கிறேன், வாம்மான்னு சொன்னியே."

"அப்ப நான் கோர்ட்ல நின்னுகினு இருந்தேம்மா."

"உன் குரல் எனக்குத் தெரியாதா? அம்மா, சீக்கிரம் வான்னு ரெண்டு வாட்டி சொன்ன."

கல்லூரிகளில் சைபர் விழிப்புணர்வு பற்றிப் பேசிய ஃபைஸாவின் வீடியோக்கள் இணையத்தில் எவ்வளவோ கிடக்கின்றன. யார் வேண்டுமானாலும் அந்தக் குரலை எடுத்திருக்கலாம். புகார் பதிவானது. செய்த ஆள் கடைசி வரை கிடைக்கவில்லை. அம்மாவிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, எதையும் பறிக்கவில்லை. கடலோரம் வரச்செய்து நிற்கவைத்தார்கள், அவ்வளவுதான். ஃபைஸா கிளம்பும்போது அம்மா அவரது கையைப் பிடித்து முகத்தை உற்றுப் பார்த்தார்.

"இப்ப பேசறது நீதான?"

சாட்சி சொல்லும் நாளுக்கு முன்பு தேசம்மாவை ஃபைஸா தன் அறைக்கு வரவழைத்தார். தேசம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"அது அவரு இல்லன்னு நான் சொன்னா, அவரு செத்துட்டாருன்னு என் வாயாலயே சொன்ன மாதிரிதான மேடம்?"

சட்டப்படி அப்படி இல்லை என்று விளக்க ஃபைஸா வாயெடுத்தார். பிறகு அதை விட்டுவிட்டார். "ஆமா தேசம்மா," என்றார். "ஒங்களுக்கு அப்படித்தான் இருக்கும்."

"இப்பக்கூட பக்கத்து வூட்ல போன் அடிச்சா அவருதான்னு ஓடிப்போறேன்."

"எங்கம்மாவுக்கும் ஒரு போன் வந்துச்சு, என் குரல்ல. இப்ப நான் நேர்ல போனாலே அவங்க சந்தேகமா பாக்குறாங்க." ஃபைஸா கோப்பை மூடினார். "இதச் சொல்லுங்கன்னு ஒங்கள நான் கட்டாயப்படுத்த மாட்டேன். எது நெசமோ அதச் சொல்லுங்க."

தேசம்மா எழுந்து போனார். மறுநாள் வருவாரா என்று ஃபைஸாவுக்கே நிச்சயமில்லை.

வந்தார். நீதிமன்றத்தில் பதிவைப் போட்டார்கள். தேசம்மா, நான்தான் என்று ஸ்பீக்கர் பேசியதும் பின் வரிசையில் இருந்த குப்பத்துப் பெண்கள் சிலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மின்விசிறிச் சத்தத்துக்கு மேல் அந்தக் குரல் மூச்சை இழுத்து இழுத்துப் பேசியது. அதை எழுதிப் பேசவைத்த நரசிம்மன் தலையைக் குனிந்து தரையையே பார்த்தார். பதிவு முடிந்த பிறகும் அவர் நிமிரவில்லை.

ராமானுஜம் கேட்டார்: "இது உங்க கணவர் குரல்தானே? ஆமா, இல்லன்னு சொன்னா போதும்."

"அவரு குரல்தான்."

ராமானுஜம் திருப்தியாக உட்காரப்போனார். ஃபைஸாவின் விரல்கள் கோப்பின் மேல் அசையாமல் கிடந்தன.

"ஆனா பேசனது அவரு இல்ல சார்," என்றார் தேசம்மா. "நான் அழுவுறேன், அது பாட்டுக்குப் பேசிகினே போவுது. எம்புருசனா இருந்தா ஏன் அழுவுறன்னு ஒரு வார்த்த கேட்டிருப்பாரு."

நடுவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

ஆள்மாறாட்டத்துக்கும் மோசடிக்கும் நரசிம்மனுக்கு மூன்று ஆண்டு சிறை. சின்னராசு காணாமல்போன வழக்கைப் போலீஸ் மறுபடியும் திறந்தது. கடலில் என்ன நடந்தது என்பதை நரசிம்மன் இன்றுவரை சொல்லவில்லை.

தீர்ப்புக்குப் பின் தேசம்மாவின் போனைத் திருப்பித் தர உத்தரவு வந்தது. ஃபைஸா தானே திருக்கழுக்குன்றம் வழியாகப் போய் அதைக் கொடுத்தார். பதிவான அழைப்புகளெல்லாம் அதில் அப்படியே இருந்தன. பொய் அழைப்புகளை அழித்துத் தரச் சொன்னார் தேசம்மா. இருவரும் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தார்கள்.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. நரசிம்மன் கைதான பிறகு, தேசம்மாவின் போனைப் போலீஸ் வாங்கிப்போவதற்கு முன் வந்தது. நம்பர் இல்லை. பேச்சு இல்லாததால் ராகவன் அதைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்கவில்லை. ஃபைஸா அதைப் போட்டார். இரைச்சல். நடுவில் யாரோ செருமுவது போல ஒரு சத்தம். பிறகு மறுபடி இரைச்சல்.

"லைன் கோளாறா இருக்கும்," என்றார் ஃபைஸா. சொல்லும்போதே தன் குரல் தனக்கு அன்னியமாகக் கேட்டது. "அழிச்சிடட்டுமா?"

தேசம்மா போனை வாங்கிக் காதில் வைத்து முழுவதும் கேட்டார்.

"இருக்கட்டும் மேடம்," என்றார். "இது எதையும் செய்யச் சொல்லல."

ஃபைஸா தலையசைத்துவிட்டு எழுந்தார். காரில் ஏறியதும் கோவளத்துக்குப் போன் போடக் கை போனது. போடவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வண்டியைத் திருப்பி, அம்மாவை நேரில் பார்க்கப் போனார்.