தேயிலைப் படத்தில் பூ எங்கே?

பழைய தாவரவியல் நூல் ஒன்றிலிருந்த தேயிலைப் படத்தை ஹாலில் மாட்ட ஆசைப்பட்டு, கண்டி டவுனில் பிரேம் போடக் கொடுத்திருந்தேன். பூவும் காயும் அத்தனை நுணுக்கமாக வரையப்பட்டிருந்ததால்தான் அதை வாங்கினேன்.

இன்று எடுக்கப் போனால் கொழுந்து மட்டும் தெரிகிறது.

“பூவை வெட்டிட்டீங்களா?”

“ஐயோ, இல்ல மிஸ். படத்தச் சுத்தி வச்ச அட்டைக்கு உள்ள பத்திரமா இருக்கு” என்றார் கடைக்காரர். தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த புசல்லாவைக்காரர். “எங்கம்மா முப்பது வருசம் கொழுந்து பறிச்சவங்க. படத்தப் பாத்துட்டு அவங்கதான் மறைக்கச் சொன்னாங்க. பூத்து நின்னா பறிக்காம விட்ட செடி மிஸ். வீட்டுக்கு வர்றவங்க என்ன நினைப்பாங்க?”

அட்டையைக் கழற்றச் சொல்ல வாய் வரவில்லை. அப்படியே கொண்டுவந்து மாட்டிவிட்டேன்.

தாவரவியல் படித்த நண்பர்கள் வந்து பூ எங்கே என்று கேட்டால், எங்கள் வீட்டில் கொழுந்து நேரத்துக்குப் பறிக்கப்படுகிறது என்பதே பதில்.