விதைப்பும் கரும்பொருளும்

பசுவந்தனைக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே பஸ் பஞ்சராகி நிற்கிறது. புரட்டாசி வெயிலில் கரிசல் புழுதியாகக் கிடக்கிறது. பக்கத்து இருக்கை வேலுச்சாமி அண்ணாச்சி, மகள் செல்வியை ரயிலேற்றப் போகிறவர், அவளோடு இறங்குகிறார்; நானும் இறங்குகிறேன். சாலையோரம் இருப்பது அவர் நிலம்தான். மழைக்கு முன்பே மக்காச்சோளம் விதைத்துவிட்டாராம்.

செல்வி விண்மீன் திரள்களை ஆராய்கிறவள். அங்கே என்னதான் தேடுகிறாய் என்று கேட்கிறேன்.

"ஓரத்துல சுத்துத நட்சத்திரமெல்லாம் அந்த வேகத்துக்குத் தெறிச்சு ஓடணும் சார். ஓடலை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு இழுத்துப் பிடிச்சிருக்கு. கரும்பொருள்னு சொல்லுதோம். அது என்னன்னுதான் தேடுதோம்."

நாங்கள் நிற்கும் இந்தப் புழுதியும் அந்தச் சுழற்சியில்தான் போகிறது என்று நினைக்க எனக்குக் கால் கூசுகிறது.

"பாக்காத ஒண்ணை எப்படிட்டி நம்புத?" என்கிறார் அண்ணாச்சி.

"நீங்க மழையப் பாத்துட்டா விதைச்சீங்க?"

நான் சிரிக்கிறேன். அவர் சிரிக்கவில்லை.

"மழை தப்பிச்சுன்னா, விதை போச்சுன்னு ஐப்பசியிலயே ஒத்துக்கிடுவேன். நீங்க எப்பம் ஒத்துக்கிடுவீங்க?"

"அப்படி ஒரு நாளும் வரலாம்ப்பா. வந்தா முதல்லருந்து யோசிக்கணும்."

அண்ணாச்சி குனிந்து புழுதியைக் கிளறுகிறார். மருந்து தடவிய சிவப்பு விதை ஒன்று, முளைக்காமலும் கெடாமலும் வருகிறது. செல்வி அதை வாங்கிப் பார்த்துவிட்டு எடுத்த குழியிலேயே வைக்கிறாள்.

"இன்னும் ஆழமா வையிட்டி," என்கிறார் அவர். "சின்னத் தூத்தலுக்கு ஏமாந்து முளைச்சிரக் கூடாது."